பூங்கொடி இறந்த பக்கம்

இந்த மாதம் என் மேசைக்கு மூன்று வாழ்க்கை வரலாறுகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் நாயகன் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போகிறான். முதல் புத்தகத்தில் மூன்று மைல், இரண்டாவதில் ஐந்து மைல். அந்த ஐந்து மைல்காரர் ஊரில் பள்ளிக்கூடம் அவர் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே இருந்தது என்று அதே புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கம் சொல்கிறது. ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார் போலிருக்கிறது.

நான் வத்சலா. படூரில் ஆறாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, பதினான்கு வருடமாக ஒரு மாத இதழில் புதிய வாழ்க்கை வரலாறுகளைப் பற்றி எழுதுகிறேன். நானும் நாலு பேரின் வாழ்க்கையை எழுதியவள்தான். ஒன்றுக்குப் பரிசும் வாங்கினேன். அதனால் இந்தத் தொழிலில் யார் எங்கே பூசி மெழுகுகிறான் என்பது அட்டையைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது புத்தகம் ‘சக்கரத்தில் சுழன்ற சரித்திரம்’. செங்கல்பட்டு லாரி முதலாளி தீனதயாளனைப் பற்றி ஸ்ரீவத்ஸன் என்கிற பையன் எழுதியது. புத்தகம் அச்சாகி வெளிவந்த இரண்டு மாதத்தில் தீனதயாளன் காலமாகிவிட்டார். ஸ்ரீவத்ஸனுக்கு எல்லாமே மாபெரும்தான். மாபெரும் உழைப்பு, மாபெரும் மனசு. ஓரிடத்தில் மாபெரும் எளிமைகூட இருக்கிறது. தலையெழுத்து, படித்தேன்.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் தீனதயாளனின் முதல் மனைவி பூங்கொடி காய்ச்சலில் சாகிறாள். வெளியே மழை, அணையப் போகிற விளக்கு, கணவனின் கையைப் பிடித்தபடி கடைசி மூச்சு. குழந்தை இல்லை. அந்தப் பகுதி மட்டும் நன்றாக இருந்தது. இருக்காதா பின்னே, அது என்னுடையது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே தீனதயாளனைப் பற்றி நான் எழுதிய ‘மண்ணிலிருந்து மண்டபம் வரை’ புத்தகத்திலிருந்து வரிக்கு வரி எடுத்து, அடியில் பொடி எழுத்தில் என் பெயரைப் போட்டிருந்தான். உடனே போனில் பிடித்தேன்.

“நேர்ல போய் யாரையாவது விசாரிச்சியாப்பா?”

“எதுக்கு மேடம்? நீங்களே எழுதிட்டீங்க. அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

வெட்கம் கெட்டவன். விசாரிக்கச் சோம்பல்படுகிறவன் மளிகைச் சாமான் பட்டியல் எழுதிப் பிழைக்கலாம் என்று என் பத்தியில் எழுதி முடித்தேன். அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது.

வாசலில் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு அறுபது வயதிருக்கும். இன்னொருத்திக்கு முப்பத்தைந்து. இளையவள் கையில் ஸ்ரீவத்ஸனின் புத்தகம் இருந்தது.

“வத்சலா மேடம்தான? நான் கண்ணகி. மாமல்லபுரத்துல ஓட்டல்ல வேலை. இவங்க எங்கம்மா. கடப்பாக்கத்துலேர்ந்து வரோம். புக்குல உங்க பேரு பாத்து, பத்திரிகை ஆபீஸ்ல விலாசம் வாங்கினோம்.”

இப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் மாமனாரைப் பற்றி எழுதச் சொல்வார்கள். கதவை நான் முழுசாகத் திறக்கவில்லை.

“யாரைப் பத்தி எழுதணும்?”

“எழுத வாணாம்,” என்றாள் பெரியவள். “எழுதிட்டத கேக்க வந்தோம். நான்தான் பூங்கொடி.”

எந்தப் பூங்கொடி என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டேன்.

இருவரும் உட்கார்ந்தார்கள். கண்ணகிதான் சொன்னாள். “அவரு எங்கள வுட்டுட்டு செங்கல்பட்டு போனப்ப நான் அம்மா வயித்துல. அங்க வேற கல்யாணம் பண்ணிக்கினாரு. செத்துட்டாருன்னு கேட்டு கோடித் துணி எடுத்துக்கினு போனேன். அவரு மச்சான் இந்த புக்க விரிச்சிக் காட்டறாரு. மொத சம்சாரம் புள்ள இல்லாம செத்துப்பூட்டாங்க, ரெண்டு புக்குல கீது, நீ யாரும்மான்னு கேக்கறாரு. பர்த் சர்டிபிகேட்ட காட்டினேன். தீனதயாளன்னு ஜில்லா பூரா ஆளு கீதுன்னுட்டாரு. கேட்டுக்கு வெளியவே நின்னுட்டு வந்தேன்.”

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். “அந்த வூட்லேர்ந்து எனக்கு ஒண்ணியும் வாணாம் மேடம். நாளைக்கு கருமாதி. பொண்ணுன்னு நான் அங்க நிக்கணும். அவ்ளோதான்.”

“நான் செத்துட்டேன்னு உனுக்கு யாரு சொன்னது?” என்றாள் பூங்கொடி.

“அவரேதான் சொன்னார்.”

“இன்னா சொன்னாரு?”

அவர் சொன்னது ஒரே வரி. முதல் சம்சாரம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள், குழந்தை இல்லை. மழையைப் பெய்ய வைத்தவள் நான். விளக்கை ஏற்றியவளும் நான். அட்டைப் படம் எடுக்க மாமல்லபுரம் கடற்கரை வரை அவர் காரில் போனேன். அங்கிருந்து அவர் முதலில் குடியிருந்த கடப்பாக்கம் ஒரு மணி நேரம். வெயில் தாங்கவில்லை என்று திரும்பிவிட்டேன். அந்தச் சாவைத்தான் பரிசு கொடுத்தவர்கள் மேடையில் தனியாகப் பாராட்டினார்கள். நானும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

“எனுக்குப் படிக்கத் தெரியாது. நீயே படி, கேக்கறேன்.”

அலமாரியிலிருந்து என் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். மூன்று பக்கம். பூங்கொடி எதிரே உட்கார்ந்து தான் செத்ததைக் கேட்டாள். ‘விழியோரம் உறைந்த நீர்’ என்று ஒரு வரி வந்தது. எவ்வளவு கேவலமான வரி. ஸ்ரீவத்ஸன்கூட இதைச் சொந்தமாக எழுதியிருக்க மாட்டான்.

“நான் அந்த ஆளு கையப் புடிச்சிக்கினா செத்தேன்?”

“ஆமா.”

பூங்கொடி சிரித்தாள். “பஸ் ஏறிக்கினு போனவரு திரும்பிக்கூடப் பாக்கல.”

கண்ணகி சிரிக்கவில்லை. புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பு என்னுதுதான். மன்னிச்சிடுங்க,” என்றேன். “அடுத்த மாச இதழ்ல திருத்தம் போட்டுடறேன்.”

“நான் செத்தத மூணு பக்கம் எழுதின. உசுரோட கீறேன்னு சொல்ல உனுக்கு ஒரு மாசம் ஆவுமா?”

என் புத்தகத்தை மூடினேன். கருமாதிக்கு அந்த மச்சான் வருவார். ஸ்ரீவத்ஸன் முன்வரிசையில் நிற்பான். பதினான்கு வருடமாக நான் கிழித்துத் தோரணம் கட்டிய ஆட்களில் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்கள் முன்னால் நின்று, நான் பார்க்காமல் எழுதினேன் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

“காலையில எத்தனை மணிக்கு?”

“ஆறு மணிக்கு மேடம். பாலாத்தங்கரையில,” என்றாள் கண்ணகி.

“சரி, நீங்க கிளம்புங்க. நான் நேர்ல வந்துடறேன்.”

பூங்கொடி எழுந்திருக்கவில்லை. வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“நீ நேர்ல வர்ற ஆளு இல்ல,” என்றாள். “நாங்க இங்கியே படுத்துக்கறோம். பாய் கீதா?”