விடிந்தாற்போலத்தான்

கண்ணாடி இழைக் கேபிளுக்குள் ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. கண்ணைக் கெடுக்க மட்டும் அதற்கு நன்றாகத் தெரியும். ஆகையால் அவற்றை இணைக்கும் நிறுவனம் ஒன்றில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கேபிளின் ஒரு முனையை ஒருவர் துடைத்து லென்ஸ் வழியே பார்க்கையில், மறுமுனையை மற்றவர், ஒளியை அனுப்பும் மாட்யூலில் செருகலாகாது. பார்த்தவர் முனைக்கு மூடியிட்டு, "விடிஞ்சாச்சு" என்று குரல் கொடுத்த பின்னரே செருக வேண்டும். மிக அழகிய ஏற்பாடு, பேசிக்கொள்கிறவர்களுக்கு.

அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொள்வதில்லை. "எங்கண்ணன் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இவங்களைக் கட்டிக்கிட்டான்" என்று உறவினர் கூடிய இடத்தில் நாத்தனார் திருவாய் மலர்ந்ததிலிருந்து இந்த மௌனவிரதம். இருவரையும் ஒரே வேலைக்கு அனுப்பினால் ஒத்துழைப்பு பெருகும் என்று நம்பிய மேலதிகாரி, திருமணமாகாதவர்.

அண்ணி மணிக்கட்டில் நிலைமின்னைத் தடுக்கும் பட்டையை அணிந்து, மாட்யூலை நெட்வொர்க் சுவிட்சில் பூப்போலத் தள்ளினாள். அது 'டக்'கென்று பொருந்தியது. கேபிளின் மறுமுனையோடு நாத்தனார் அடுத்த அறையில், திறந்த கதவுக்கு நேரே இருந்தாள். மின்விசிறிகள் இரைந்தன.

"சில பேருக்கு ஒரு முனையைத் துடைக்க ஒரு யுகம் வேணும்போல" என்று அண்ணி சுவிட்சிடம் முறையிட்டாள்.

"வாயால ஊதி எச்சில் பண்றவங்களுக்குச் சீக்கிரமாத்தான் முடியும்" என்று நாத்தனார் எதிரே நின்ற இரும்பு அலமாரிக்கு எடுத்துரைத்தாள்.

"முடிஞ்சுதா இல்லையான்னு சொன்னா வாயிலிருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"ஆமா, இவங்க கை வச்சா அப்படியே விடிஞ்சாச்சு."

ஏளனத்தின் முன்பாதியை மின்விசிறிகள் விழுங்கின. கடைசிச் சொல் மட்டும் பழுதின்றி வந்து சேர்ந்தது. அப்பாடா, ஒருவழியாக வாய் திறந்தாளே என்று அண்ணி தன் பக்கத்து முனையின் மூடியைக் கழற்றி, கேபிளை மாட்யூலின் வாயருகே கொண்டுபோனாள். வெற்றிப் பெருமிதத்தோடு ஒருமுறை கதவுப் பக்கம் நோக்கினாள். நல்லவேளை, அவளுக்குப் பெருமிதம் அதிகம்.

நாத்தனார் லென்ஸில் கண்ணைப் பதித்தபடி குனிந்திருந்தாள்.

அண்ணியின் கை நின்றது; வாய் முந்திக்கொண்டது.

"கண்ணை எடுடி."

லென்ஸ் தரையில் விழுந்து உருண்டது. நாத்தனார் வாசற்படிக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தாலும் மூக்கின் மேல் கோபம் தவறாமல் அமர்ந்திருந்தது.

"என்ன, டி போட்டுக் கூப்பிடறீங்க?"

"நீதானே விடிஞ்சாச்சுன்னு சொன்னே?"

"உங்களைக் கிண்டல் பண்ணினேன்."

"கிண்டலுக்கு ஊர்ல வேற வார்த்தையே கிடைக்கலையா? இன்னும் ஒரு நொடி போயிருந்தா, என்னை முறைக்கக் கண்ணு இருந்திருக்குமா?"

நாத்தனார் தன்னையறியாமல் வலக்கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். குரல் மட்டும் இறங்கவில்லை. "டி போட்டதை அண்ணன்கிட்டச் சொல்லத்தான் போறேன்."

"தாராளமா சொல்லு. ஏன் போட்டேங்கிறதையும் சேர்த்துச் சொல்லு."

அந்தப் பின்பாதியை எண்ணிப் பார்த்ததும் நாத்தனார் புகாரைக் கைவிட்டாள். அவள் லென்ஸைப் பொறுக்கிக்கொண்டு தன்னிடத்துக்குத் திரும்பினாள். முனைக்கு மூடியிட்டாள். ஓரடி விலகி நின்றாள்.

"மூடி போட்டாச்சு, லென்ஸ் கையில இருக்கு, கண்ணு முகத்துல இருக்கு. இப்பச் செருகுங்க அண்ணி."

"இதைச் சொல்ல இவ்வளவு நாளா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணி செருகினாள். சுவிட்சில் பச்சை விளக்கு எரிந்தது. அதன் பிறகு அன்று முழுவதும் அவர்கள் சண்டையிட்டார்கள், அலமாரியின் தயவின்றி, நேருக்கு நேராக.