சக்கரப் பாட்டில் விழுந்த குரல்

சனிக்கிழமை மதியம், ரும்பி பஸ் நிலையத்தில், போன்களுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் லுசுங்குவின் பாட்டுக் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மேசைக்குப் பின்னால், கணினியை ஒட்டிப் போட்ட உயரமான நாற்காலியில் லுசுங்கு. வாசற்படியில் கவிழ்த்த வாளியின் மேல், எண்ணெயில் பொரித்த மண்டாசிப் பணியாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நியாம்ஹாங்கோ அக்கா. மூலையில் கிடந்த பழைய டயரின் மேல், முசுசு நகரத்துக்கு ஓடும் மினிபஸ்ஸின் கண்டக்டர் வெருஸ்கானி. சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கும் யோத்தாமு கோண்ட்வே மட்டும் உள்ளே வரவில்லை. வெளியே சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தபடியே, ஒரு காலைச் சுவரில் ஊன்றி, ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் நீட்டியிருந்தான். சவாரி வந்தால் மிதித்துவிட வேண்டுமே.

சனிக்கிழமை வண்டிகள் மந்தமாகும் நேரத்தில் இவர்கள் இப்படிக் கூடுவார்கள். ஆளுக்கொரு வினோத வீடியோ கொண்டுவர வேண்டும். எதைப் பார்த்து யாராவது வாய் தவறியாவது "இன்னொரு தரம் போடு" என்று சொல்லிவிடுகிறார்களோ, அதைக் கொண்டுவந்தவருக்கு அன்றைக்கு மண்டாசி இலவசம். லுசுங்கு வைத்த சட்டம் ஒன்று உண்டு. செய்த ஆளின் பெயரும் ஊரும் தெரியாத வீடியோ இந்தத் திரையில் ஓடாது.

அன்றைக்கு அக்கா கொண்டுவந்தது ஒரு பனி ஊர்க்காரர் செய்தது. அலுவலகத்தில் தூக்கிப்போட்ட அச்சு இயந்திரங்களை வரிசையாக அடுக்கி, அவை கரகரவென்று தாள் இழுக்கும் சத்தத்திலேயே ஒரு கல்யாணப் பாட்டை வாசிக்க வைத்திருந்தார். கடைசியில் ஒரு இயந்திரம் தாளை விழுங்கிவிட்டுத் திணறியது. அதையும் தாளத்தில் சேர்த்துவிட்டார் மனிதர்.

"பாத்தியா, அது விக்கினதைக் கூட வீணாக்கல!" என்றாள் அக்கா. "என் வீட்டுக்காரர் விக்கினா தண்ணி குடுக்கத்தான் ஆகுது."

"இன்னொரு..." என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டான் யோத்தாமு.

"சொல்லிட்டான், சொல்லிட்டான்!"

"முழுசா சொல்லலக்கா. பாதிச் சொல்லுக்குப் பாதி மண்டாசி எடுத்துக்கோங்க."

வெருஸ்கானி தன் போனைக் கணினியில் மாட்டினான். "சிரிச்சது போதும். இப்ப வர்றதைப் பாத்தா யாரும் வாயே திறக்க மாட்டீங்க. தர்பன்ல ஒரு அக்காவும் தம்பியும் நடத்துற பக்கம். கையால செஞ்ச வாத்தியங்களை மட்டும் போடுவாங்க. லட்சக்கணக்குல ஆளுங்க பாக்குறாங்க."

"செஞ்சவர் பேரு?" என்றாள் லுசுங்கு.

"அது உள்ளயே வரும்."

திரையில் ஒரு சைக்கிள் தலைகீழாக நின்றது. பின்சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவே மூங்கில் குச்சிகள் செருகியிருந்தன. சக்கரம் சுழலச் சுழல, பலகையில் அறைந்திருந்த பழைய பட்டன் போன்களின் பொத்தான்களைக் குச்சிகள் ஒவ்வொன்றாகத் தட்டின. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரம். எண்ணெய் டின் ஒன்று அந்தச் சுரங்களை வாங்கிக் கிண்கிண்ணென்று வெளியே விட்டது. நடுநடுவே ஒரு பெண்குரல்: "லுசுங்கு, ரும்பி!"

யாரும் வாய் திறக்கவில்லை. வெருஸ்கானி சொன்னது பலித்துவிட்டது, ஆனால் அவன் நினைத்த விதமாக இல்லை.

அது யோத்தாமுவின் சைக்கிள். போன மழைக்காலத்தில், சவாரி இல்லாத ஒரு வாரத்தில் அவன் செய்த இயந்திரம். இந்தக் கடை வாசலில் வைத்துத்தான் லுசுங்கு படம் பிடித்தாள். பிடித்ததைத் தன் கடை வழக்கப்படி வாடிக்கையாளர்களின் மெமரி கார்டுகளில் பாட்டுகளோடு ஏற்றிக் கொடுத்தாள். பாட்டுக் கடைக்காரர்கள் எல்லோரும் தாங்கள் கொடுக்கிற எதன் மேலும் தங்கள் குரல் முத்திரையைப் போட்டுத்தான் கொடுப்பார்கள். அடுத்த கடைக்காரன் திருடிக்கொள்ளக் கூடாது அல்லவா? இந்த வட்டாரத்தில் அந்தக் குரலைக் கேட்டால் கடையின் பெயர் என்று குழந்தைக்கும் தெரியும். அந்த வீடியோ போன் விட்டுப் போன் தாவி, எல்லை தாண்டி தர்பன் போய்ச் சேர்ந்தபோது அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

திரையில் தர்பன் அக்கா பேசினாள். இத்தனை அழகான பொறியைத் தான் பார்த்ததே இல்லை என்றாள். தன் பெயரையே பாட்டாக்கிய ரும்பி நகரத்து லுசுங்கு என்ற இந்தக் கலைஞரின் வீடியோவைத் தங்கள் ஊர்க் கண்காட்சியில் முதல் சுவரில் காட்டப் போவதாகச் சொன்னாள். தங்கள் பக்கத்துக்கு யாரும் போனில் எழுத வேண்டாம், கையால் எழுதித் தபாலில் அனுப்பினால் மட்டுமே வாசிப்போம், அதுதான் எங்கள் பைத்தியம் என்று சிரித்தபடி விலாசம் காட்டினாள்.

யோத்தாமு ஜன்னலிலிருந்து தலையை எடுத்துக்கொண்டான்.

"டேய், நில்லுடா," என்றாள் லுசுங்கு.

"எதுக்கு நிக்கணும்? கலைஞரே உள்ள உக்காந்திருக்காங்களே. நான் வெறும் சைக்கிள்காரன்."

எப்போதும் 'வடக்கு முழுக்க என்னை மாதிரி ஒருத்தன் இல்லை' என்று மார்தட்டுகிறவன். அவன் குரல் இப்படி இறங்கி லுசுங்கு கேட்டதில்லை.

வெருஸ்கானிக்கு நிலைமை மெல்லத்தான் உறைத்தது. இருந்தாலும் கண்டக்டர் புத்தி விடுமா? "லுசுங்கு அக்கா, யோசிச்சுப் பாரு. முசுசுல ரெண்டு பேரு எங்கிட்ட இந்தக் கடை எங்கன்னு கேட்டாச்சு. பேரு தானா வந்திருக்கு. அவனுக்கு ஒரு தட்டு உசிப்பா மீன் வாங்கிக் குடுத்துச் சமாதானம் பண்ணிட்டு..."

"வாயை மூடு," என்றாள் நியாம்ஹாங்கோ அக்கா. "இல்ல, இந்த மண்டாசியால நான் மூடுவேன்."

லுசுங்கு எழுந்து வெளியே போனாள். "எழுதிடறேன் யோத்தாமு. நீதான் செஞ்சேன்னு எழுதிடறேன்."

"யாரு நம்புவா? பாட்டு முழுக்க உன் பேருதான் கத்துது. குரல் இல்லாத பிரதி இருக்கா?"

இல்லை. முத்திரை போட்டதும் மூலத்தை அழித்துவிடுவதுதான் அவள் பழக்கம். கணினியில் இடம் போதாது.

"அப்ப மறுபடி செய்," என்றாள். "இப்பவே. நீ செய்யறதை ஆரம்பத்துல இருந்து படம் பிடிக்கறேன்."

அவன் சவாரிக்கு ஆள் நிற்கும் வரிசையைப் பார்த்தான். பிறகு சைக்கிளைப் பார்த்தான். சட்டென்று இறங்கி, அதைத் தூக்கித் தலைகீழாக நிறுத்தினான்.

பலகையும் போன்களும் அவன் வீட்டுக் கூரைக்கடியில் கிடந்தன. வெருஸ்கானி ஓடிப்போய் எடுத்து வந்தான், செய்த தப்புக்குப் பரிகாரம் மாதிரி. அக்கா எண்ணெய் டின் கொடுத்தாள். யோத்தாமு வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு சுகம். குச்சியை நேராகச் செருகமாட்டான். செருகி, சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, நகத்தளவு நகர்த்துவான். போனுக்கும் பலகைக்கும் நடுவே வைத்த ரப்பர் துண்டைப் பல்லால் கடித்துச் செதுக்கினான். சத்தம் மழுங்கினால் பலகையைத் திட்டினான், தெளிந்தால் தன்னைப் புகழ்ந்துகொண்டான். பஸ் நிலையத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்தார்கள். சவாரிக்கு வந்த ஒரு அம்மாள் மூட்டையை இறக்கி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

லுசுங்கு படம் பிடித்தாள். ஒரு சொல் பேசாமல் பிடித்தாள்.

"லுசுங்கு அக்கா பேசாம இருக்கறதைப் பாத்தா கடைக்குப் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கு," என்றான் வெருஸ்கானி. அவள் அவனை முறைத்ததுகூட ஓசையில்லாமல்தான்.

முடிந்ததும் உள்ளே போய்த் திரையில் போட்டார்கள். இந்தத் தடவை யோத்தாமுவும் உள்ளே வந்து மேசையில் கையூன்றி நின்றான். பாட்டு தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் அது ஒரு நொடி மூச்சு நின்றது போல வெறுமையாகி, பிறகு தொடர்ந்தது.

"அந்த இடத்துல ஒரு போன் செத்துப்போச்சு. முதல்ல செஞ்சப்பவே," என்றான் யோத்தாமு. "எனக்குத் தெரியும். ஆனா பழையதுல இந்த ஓட்டை கேக்கலையே? அதைப் போடு. ரெண்டையும் மாத்தி மாத்திப் போடு."

லுசுங்கு போட்டாள். வெறுமை வந்த இடத்தில் எல்லாம், பழையதில், அவள் குரல் இருந்தது. மற்ற கடைக்காரர்களின் முத்திரை எங்கே வேண்டுமானாலும் விழும். பாடகியின் உயிரான வரியின் மேலேயே விழும். இவளுடையது ஒரு சுரத்தைக்கூடத் தொடவில்லை.

"இதை அளந்தா போட்ட?"

"அளக்கல. உன் சுரத்து மேல என் குரல் ஏறிடக் கூடாதுன்னு கேட்டுக் கேட்டுப் போட்டேன். அன்னிக்கு அதுக்கே சாயங்காலம் ஆயிடுச்சு."

யோத்தாமு திரைக்குக் கிட்டே நகர்ந்து காதைச் சாய்த்தான். பிறகு, "இன்னொரு தரம் போடு," என்றான். இதற்கு யாரும் மண்டாசி கேட்கவில்லை.

"சரி, அந்த இடத்துல இனிமே உன் பேரைச் சொல்லிப் போடறேன்," என்றாள் லுசுங்கு. "யோத்தாமு கோண்ட்வே, ரும்பின்னு."

அவன் சக்கரத்தைச் சுழற்றுவது போல விரலைச் சுழற்றி, உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். தலையை ஆட்டினான். "நீளம். அடுத்த சுரத்து மேல போய் முட்டுது. என் பாட்டை என் பேரே கெடுக்கணுமா? அங்க உன் பேரு இருக்கட்டும். என் பேரைக் கடிதாசில எழுது. பெருசா எழுது."

லுசுங்கு தாளை எடுத்து, ஓரத்தில் கோடிட்டு, பள்ளியில் கற்றுக்கொடுத்த மாதிரியே வலது மூலையில் விலாசமும் தேதியும் எழுதி ஆரம்பித்தாள். எழுதியதை உரக்க வாசித்தாள்.

"அம்மா, ஐயா. தாங்கள் சுவரில் காட்டப்போகும் இயந்திரத்தைச் செய்தவர் யோத்தாமு கோண்ட்வே. சைக்கிள், குச்சி, சுரம், எல்லாம் அவருடையவை. அதில் கேட்கும் குரல் என்னுடைய கடையின் முத்திரை. நான் கலைஞர் அல்ல. தங்கள் சுவரில் என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைத் தயவுசெய்து போடவும். அவர் செய்வதை முதலிலிருந்து காட்டும் படம் இதனுடன் உள்ளது."

"வடக்கு முழுக்க இவன மாதிரி ஒருத்தன் இல்லைன்னு சேத்துக்கோ," என்றான் யோத்தாமு.

"அதை நீயே போய்ச் சொல்லிக்கோ."

"சரி, விடு. ஆனா 'நான் கலைஞர் அல்ல'ன்னு இருக்கே, அதை அடி."

"ஏன்?"

"பொய் எழுதி அனுப்பினா தபால்ல பிடிச்சுக்குவாங்க," என்றான் அவன் திரையைப் பார்த்தபடி. "அந்த ஓட்டையை அடைச்சது நீதான்னு எழுது. செஞ்சவன் நான். அடைச்சது நீ."

லுசுங்கு அந்த வரியை அடித்தாள். அடித்தல் இருந்தால் மரியாதையாக இருக்காது என்று புதுத் தாள் எடுத்து முழுவதையும் மறுபடி எழுதினாள். யோத்தாமுவின் பெயரை அவன் கேட்டபடியே பெரிதாக எழுதி, அடியில் கோடும் போட்டாள். அவன் சொன்ன வரியைக் கடைசியில் சேர்த்தாள்.

வெளியே முசுசு வண்டியின் ஹாரன் அடித்தது. மெமரி கார்டைத் தாளில் மடித்து உறைக்குள் வைத்து, ஓரத்தை நாக்கால் ஈரமாக்கி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். அக்கா எண்ணெய்க் கையோடு தொட வந்ததைத் தடுத்து, வெருஸ்கானியிடம் நீட்டினாள்.

"தபால் ஆபீஸ்லயே குடு. சீட்டுக்கடியில போட்டுடாத."

அவன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, உறையை நெஞ்சோடு செருகிக்கொண்டு, நகரத் தொடங்கிய வண்டியில் தொற்றினான்.