தீர்த்தம் தெளித்த குழி

என் மனைவி குளோரியா செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இறந்தாள். மதியத்துக்குள், அவளை எங்கே புதைப்பது என்ற கேள்வி ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

அவள் கத்தோலிக்கப் பெண், நான் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட். ஞாயிறுதோறும் அவளை அவள் கோயில் வாசலில் ஸ்கூட்டரிலிருந்து இறக்கிவிட்டு என் கோயிலுக்குப் போவேன். இரண்டு இடத்திலும் சொன்ன விசுவாசப் பிரமாணம் ஏறக்குறைய ஒன்றுதான்: பிதா, சுதன், பரிசுத்த ஆவியாகிய ஒரே கடவுள், சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்த கிறிஸ்து, மறுபடியும் வருவார். அதற்குப் பிறகு வழி பிரிந்தது. போப்பாண்டவர், செபமாலை, புனிதர்கள் எல்லாம் அவள் பக்கம். எனக்கு வேதாகமம் போதும். சாப்பாட்டு மேசைக்கு மேலே மாதா படம் மாட்டியிருந்தாள். அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

எங்கள் சபைக் கல்லறையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் இருந்தது. ஒக்கலிபுரத்திலிருந்து வந்த அவள் தம்பி க்ளென் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"அக்காவ மந்திரிக்காத மண்ணுல போடறதா மாமா? அப்புறம் யாரு பூசை வைப்பா? பாவம் தீர்ற வரைக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்துல அவ பாட்டுக்குக் கெடக்கட்டும்னு விட்டுடுவீங்களா?"

"அவ ஆண்டவர்கிட்ட போயாச்சுடா. செத்தவங்களுக்காக எங்க சபையில ஜெபிக்கிறதில்ல."

"உங்களுக்குப் பக்கத்துல ஆள் வேணும், அவ்வளவுதான். அவளுக்கு என்ன வேணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். இறந்தவர்களுக்குப் பூசை வைக்காத வீட்டை அவள் கதவில்லாத வீடு என்பாள். ஆனால் அவளைக் கத்தோலிக்கக் கல்லறையில் வைத்தால் நான் தனியாகத்தான் படுக்க வேண்டும்.

க்ளென்னை அழைத்துக்கொண்டு அவளுடைய பங்குக்குரு சந்தானம் ஃபாதரிடம் போனேன். அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"யார் கல்லறையா இருந்தா என்ன? அந்தக் குழிய மட்டும் நான் வந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சுத் தர்றேன்."

க்ளென் சற்று யோசித்தான். "சரி ஃபாதர். ஆனா முப்பதாம் நாள் பூசைய மாமாவே அவர் வாயால கேக்கணும்."

கேட்டேன். என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்னோடு பேசியிருக்க மாட்டார்.

"நீங்க இத நம்புறீங்களா, அப்பாதுரை?" என்றார் ஃபாதர்.

"இல்ல ஃபாதர். அவ நம்புனா."

"போதும்."

அடக்கத்தின்போது எங்கள் போதகர் அவள் வாழ்வுக்காக நன்றி சொன்னார். அவளுக்காக எதுவும் கேட்கவில்லை. ஃபாதர் கேட்டார். பிறகு குழியில் தீர்த்தம் தெளித்தார். வீச்சில் கொஞ்சம் பக்கத்து மண்ணிலும் விழுந்தது.

"உங்க எடத்துலயும் பட்டுடுச்சு மாமா," என்றான் க்ளென், அழுதுகொண்டே. "இனி தப்பிக்க முடியாது." யாரோ சிரித்தார்கள். போதகர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பதாம் நாள் பூசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நற்கருணை வாங்க எல்லோரும் வரிசையில் போனார்கள். எனக்கு அங்கே அனுமதியில்லை, நானும் எழவில்லை. அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தபோது ஆமென் சொன்னேன்.

அவள் ஆண்டவரிடம் இருக்கிறாள் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. வெளியே வரும்போது ஃபாதரை நிறுத்தி அடுத்த மாதத்துக்கும் ஒரு பூசை சொன்னேன். க்ளென் அப்போது பக்கத்தில் இல்லை.