பக்கத்துக் கட்டிலில் ஒரு பிரதமர்

1996 மாசி மாதம். ரொறன்ரோ ஆஸ்பத்திரி ஒன்றில் இருதய சத்திரசிகிச்சை முடிந்து கிடந்த பாலேஸ்வரிக்கு, பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஒரு பிரதமர் என்பது இரண்டாம் நாள்தான் தெரியவந்தது. டச்சு மகாராணியின் முடியின் கீழ் தன்னாட்சி நடத்தும் சின்னஞ்சிறு கரீபியன் தீவு ஒன்றின் தலைவி, மார்த்தா கிறூஸ். அவருக்கும் அதே சத்திரசிகிச்சைதான்.

"தனி அறை எடுத்திருக்கலாமே, மேடம்?" தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள் பாலேஸ்வரி.

"எங்கள் தீவு நோயாளிகளை இங்கே அனுப்பும்போது இப்படியான அறைதான் கொடுக்கிறோம். எனக்கு மட்டும் வேறா?"

ஆறு மாதம் வேலையை நினைக்கவே கூடாது என்று மார்த்தாவிடம் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அன்று பின்னேரம் மார்த்தாவின் தம்பி தொலைபேசியில் வந்தான். அவனும் அங்கே அமைச்சர். நெடுநேரம் தங்கள் மொழியில் வாதாடிய மார்த்தா, களைத்துப்போய் பாலேஸ்வரியின் பக்கம் திரும்பினார்.

"பெயருக்கு நான் பிரதமராக இருக்கட்டாம், வேலையை அவன் பார்க்கிறானாம். அது மக்களை ஏமாற்றுவது. நான் விலகி, விக்டரைத் தெரிவு செய்யும்படி கட்சியைக் கேட்கப்போகிறேன்."

"ஆர் விக்டர்?"

"நிதி அமைச்சர். என் முகத்துக்கு நேரே 'பிழை' என்று சொல்லும் ஒரே ஆள்."

மல்வேர்னில் உள்ள வீட்டில் இருந்து கஞ்சியோடு வந்த கணவர் இராஜரட்ணம் இதைக் கேட்டு நம்பவில்லை. "உந்த மனிசிக்கு விசரே? எங்கட நாட்டில ஆரும் கதிரையை விட்டதைக் கண்டனீரே?"

"மெல்லக் கதையுங்கோ. இப்பிடி ஒராளை நான் இப்பதான் பாக்கிறன்."

அடுத்த நாள் காலை, மகாராணியின் பிரதிநிதியான ஆளுநரைத் தொலைபேசியில் அழைத்து மார்த்தா பதவி விலகினார். கட்சி விக்டரையே தெரிவு செய்தது.

பதவியேற்ற கையோடு விக்டர் அழைத்தார். துறைமுகத்தில் வேலைநிறுத்தம், என்ன செய்யலாம் என்று கேட்டார். மார்த்தா கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு யோசனை இருக்கிறது, விக்டர். ஆனால் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கும் கேட்பீர்கள். நீங்களே முடிவெடுங்கள்."

தொலைபேசியை வைத்த பிறகும் அவருடைய கை அதன்மேலேயே இருந்தது. பாலேஸ்வரி, வெட்டிய இடம் நோகாமல் தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி மெல்ல இறங்கிப் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன யோசனை, மேடம்? எனக்குச் சொல்லுங்கோ."

மார்த்தாவுக்குச் சிரிப்பு வந்தது, தையல் வலித்தது. பிறகு சொல்லத் தொடங்கினார். பாலேஸ்வரிக்குப் பாதிதான் விளங்கியது. ஆனாலும் தாதி வந்து துரத்தும்வரை முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.