பேர் சொல்லிச் செய்த ஜெபம்

பிள்ளை பிறந்ததிலிருந்து இசக்கிசெல்விக்கு எதிலும் பிடிப்பில்லை. பால் கொடுக்கும் நேரம் தவிரக் குழந்தையைத் தொடமாட்டாள். அது அழுதால் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள். மாமியார் ஆவுடைத்தாய் அதற்குத் திமிர் என்று பேர் வைத்தாள். பட்டாளத்தில் இருந்த கணவன் பேச்சிராஜ், நன்றாகச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று போனில் சொன்னான்.

தென்காசியில் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர்தான், மனம்விட்டுப் பேச ஓர் ஆள் இருந்தால் நல்லது என்றார். அப்படித்தான் குற்றாலம் ரோட்டு ஜெபவீட்டில் ஆலோசனை சொல்லும் எப்சிபாயிடம் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் ஆஸ்பத்திரி என்றே சொல்லி வைத்தாள்.

எப்சிபாய் நல்லவள். அங்கேதான் வந்தது வினை. திட்டாமல், புத்தி சொல்லாமல், கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இங்கன சொல்லுதது இந்தச் செவரத் தாண்டாது, செல்வி. ஆண்டவருக்கும் நமக்குந்தான்."

யாரிடமும் சொல்லாததை இசக்கிசெல்வி சொன்னாள். பெற்ற பிள்ளையைத் தொடவே கூசுகிறது, அது இல்லாமலே போயிருக்கலாம் என்றுகூடத் தோன்றுகிறது. எப்சிபாய் முகம் சுளிக்கவில்லை. இது நோய், பாவமில்லை, தீரும் என்றாள்.

தீரவும் தொடங்கியது. சாரல் விழுந்த ஒரு காலையில் குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இவளுக்கும் விட மனமில்லை. அன்று முழுக்க அதை மடியைவிட்டு இறக்கவில்லை. அதைக் கேட்டு எப்சிபாயும் சேர்ந்து அழுதாள்.

சந்தோஷம் தாங்காமல் எப்சிபாய் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மைக்கைப் பிடித்தாள். பேரும் ஊரும் சொல்லி ஜெபிப்பது அவர்கள் வழக்கம். சொல்லாவிட்டால் ஆண்டவருக்கு விலாசம் தெரியாதோ என்னவோ.

"இலஞ்சி இசக்கிசெல்வி, பெத்த பிள்ளை இல்லாமப் போகட்டும்னு நெனச்ச மகள், அவளை முழுசாத் தேற்றும் தகப்பனே" என்று உருகினாள். கூரைமேல் இருந்த ஸ்பீக்கர் அதை பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோனது. அங்கே இலஞ்சிக்காரர்கள் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஆவுடைத்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசுதேவநல்லூரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"சாவட்டும்னு நெனச்சவ கையில எப்படிட்டி விட்டுட்டு இருப்பேன்?"

பேச்சிராஜ் போனை எடுக்கவில்லை. இசக்கிசெல்வி ஜெபவீட்டுக்கு ஓடினாள். நடந்ததைக் கேட்ட எப்சிபாய்க்குத் தன் தப்பு என்னவென்று கடைசிவரை விளங்கவில்லை.

"நான் ஆண்டவர்ட்டத்தான சொன்னேன், செல்வி. ஆளுககிட்டயா சொன்னேன்?"

அவள் கண்ணில் வந்தது பொய்க் கண்ணீர் இல்லை. பழையபடி கையைப் பிடித்துக்கொண்டு, மனசு எப்படி இருக்கிறது, மறைக்காமல் சொல் என்றாள்.

பால் கட்டி இசக்கிசெல்விக்கு மார் வலித்தது. ரவிக்கை நனைந்துவிட்டிருந்தது. கையை விடுவித்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"நல்லா இருக்கேங்க்கா" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதையும் ஸ்பீக்கரில் சொன்னார்கள், ஜெபம் பலித்ததற்குச் சாட்சி என்று.