கஸ்பார் அண்ணன் மூச்சு விட்டது

புகைப்படத்தில் இருப்பவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஸ்டுடியோக்காரர் "அசையாதீங்க" என்று சொன்னதோடு சரி. "ஆச்சு, எழுந்திரிங்க" என்று படத்துக்குள் போய் யார் சொன்னார்கள்? அதனால் எங்கள் தெருவில் படம் பார்த்து முகம் வரைந்து பழகுகிறவர்கள் கையைத் தளர்த்தித்தான் வரைவோம். கோடு தளர்ந்தால் அவர்களுக்கு மூச்சு வரும். இமை இமையாக, பொத்தான் பொத்தானாக வரைந்தால், பாவம், இன்னும் இறுகிப்போவார்கள். மாடி வீட்டு வாத்தியார் தன் மாமனாரை அப்படித்தான் வரைந்தார். மனிதர் படத்திலேயே கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பக்கத்து வீட்டு பிலோமி அக்கா வந்தாள். கையில் அவள் புருஷன் கஸ்பார் அண்ணனின் பாஸ்போர்ட் படம். கப்பல் வேலைக்காக எடுத்தது. கப்பலும் திரும்பவில்லை, அண்ணனும் திரும்பவில்லை. அவளிடம் இருப்பது அந்த ஒரு படம்தான்.

"ஏட்டி, எத்தன வருசமா மூச்ச அடக்கிட்டு இருக்காவ பாரு. நீதான் எப்படியாவது விட வைக்கணும்."

முதல் தாளில் மூக்கிலேயே மாட்டிக்கொண்டேன். படத்தில் அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது.

"மூஞ்சியப் பாக்காதட்டி," என்றாள் அக்கா. "தோளப் போடு. வீட்டுக்குள்ள வந்ததும் அவியளுக்கு இடது தோளு தன்னால தொங்கும்."

படத்தில் தோள்கள் விறைத்துத்தான் இருந்தன. நான் அவள் சொன்ன தோளை வரைந்தேன். அங்கிருந்து கழுத்து, காது, தலைமுடி என்று கரித்துண்டை எடுக்காமல் ஒரே இழுப்பு.

கஸ்பார் அண்ணன் மூச்சு விட்டார். அடேயப்பா! தாள்கள் எல்லாம் பறந்தன. சுவரில் காலண்டர் டிசம்பர் வரைக்கும் புரண்டது. வீடு முழுக்கக் கடல் வாசனை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஆச்சா?" என்று கேட்டார் அண்ணன்.

ஆச்சு என்றால் எழுந்து போய்விடுவார். பிறகு படத்தில் அவருக்குப் பின்னால் கட்டியிருந்த ஸ்டுடியோ நீலத்திரை மட்டும்தான் மிஞ்சும். அது அக்காவுக்கும் தெரியும்.

"இல்லங்க," என்றாள். "சோடியா ஒண்ணு எடுக்கணுமாம்."

அண்ணன் தலையை வாரிக்கொண்டு ஸ்டூலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அக்கா என்னிடம் பவுடர் வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டாள். செருப்பை என் வாசலில் கழற்றிவிட்டு, படத்துக்குள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அசையாதீங்க" என்று மட்டும் நான் சொல்லவில்லை.

அதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள், இத்தனை நாளாய் எங்கே போயிருந்தீர்கள் என்று. அண்ணன் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் படத்துக்குள்ளிருந்து காபி கேட்டார்கள். அண்ணனுக்குச் சீனி தூக்கலாக வேண்டுமாம்.