வியாழக்கிழமைப் பொய்

கடவுளிடம் போகிறவளைக் கடைக்கு அனுப்ப யாருக்கும் துணிச்சல் வராது. இதைக் கண்டுபிடிக்க அந்துவானேத்துக்கு அறுபத்திரண்டு வயது ஆனது.

அதற்கு முன், "கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்" என்று அவள் செருப்பைத் தொட்டால் போதும், வீடே கை நீட்டும். மகன் கஸ்தோனுக்குத் தபால் தலை. மருமகள் சூசனுக்குத் தையல்காரனிடமிருந்து ரவிக்கை. பேரப்பிள்ளைகள் மூன்றுக்கும் ரொட்டி. எல்லாவற்றையும் சுமந்து திரும்புவதற்குள் அவளுடைய பொழுது போயிருக்கும். ஒரு நாள் எரிச்சலில், "மாதா கோயிலுக்குப் போறேன்" என்றாள். ஒரு கையும் நீளவில்லை. அன்றிலிருந்து வியாழன்தோறும் பிற்பகல், செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

போன இடம் த்ருவோங் டின் தெரு. மாரியம்மன் கோயிலுக்கு எதிரே ஒரு வியட்நாமியப் பெண் குட்டை முக்காலிகள் போட்டுக் காப்பி விற்றாள். அறுபத்தாறாம் வருஷத்துச் சைகோனில் ராணுவ லாரி போகாத தெரு ஏது? லாரிகளையும் சைக்ளோ ரிக்‌ஷாக்காரர்களின் சண்டையையும் பார்த்தபடி அந்துவானேத் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். வேறொன்றும் செய்யமாட்டாள்.

யோசனைகூட அங்கேதான் அவளுக்கு ஒழுங்காக வந்தது. நாற்பது வருஷத்தில் ஒரு காப்பியையும் அவள் சூடாகக் குடித்ததில்லை. வாயருகே கொண்டுபோனால் யாராவது கூப்பிடுவார்கள். முதலில் புருஷன், பிறகு பிள்ளை, இப்போது பேரன்கள். அவர்கள்மேல் உயிர்தான். அதற்காக உயிரையே எடுத்தால் எப்படி? இப்படி நினைத்தால் மனசு உறுத்தும் என்று காத்திருந்து பார்த்தாள். உறுத்தவில்லை.

ஆனால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அம்மாவின் பக்தியைக் கஸ்தோன் ஊரெல்லாம் பெருமையடித்தான். அது மாதா கோயிலில் பூசை வைக்கும் காரைக்கால்காரர் இக்னாஸ் சாமியார் காதில் விழுந்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். மீன் குழம்பை மூன்று தரம் வாங்கி ஊற்றிக்கொண்டு, விஷயத்துக்கு வந்தார்.

"வியாழக்கிழமை பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் லீவு. நம்ம தமிழ்ப் பிள்ளைங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்குடுக்க ஆளில்ல. நீங்கதான் வாராவாரம் கோயிலுக்கு வர்றீங்களாமே. அந்நேரம் நான் படுத்திருப்பேன், அதான் பார்த்ததில்ல. இருவது பிள்ளைங்க. இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்."

"அம்மாவுக்கு இதவிட என்ன வேணும் சாமி?" என்றான் கஸ்தோன்.

அந்துவானேத் பயத்தோடு கணக்குப் போட்டாள். சரி என்றால் வியாழக்கிழமை போச்சு, சாகும்வரை போச்சு. மாட்டேன் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். வீட்டில் மூன்று, கோயிலில் இருபது. இவர் மட்டும் மத்தியானம் படுப்பாராம்! பயம் இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"நான் கோயிலுக்கு வர்றதே இல்ல சாமி."

கஸ்தோனின் கை தட்டிலேயே நின்றது. "பின்ன எங்கம்மா போற?"

"மாரியம்மன் கோயிலுக்கு எதிர்ல, காப்பிக் கடைக்கு."

"மாரியம்மனா?" என்றார் சாமியார்.

"உள்ள போகல சாமி, எதிர்லதான். அவளும் என்னை ஒரு வேலயும் ஏவல."

"யாரப் பாக்கம்மா போற? ஒடம்புக்கு ஏதாவதா?" கஸ்தோன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"சும்மா ஒக்காரப் போறேன்டா. சும்மான்னா சும்மாதான்."

சாமியார் தொண்டையைக் கனைத்தார். "பொய் சொல்றது பாவமில்லியாம்மா?"

"பாவந்தான். சனிக்கிழமை வந்து பாவசங்கீர்த்தனம் பண்றேன். நீங்க குடுக்கிற அபராதத்த முழங்கால் போட்டுச் செய்றேன். ஆனா ஒக்காந்ததுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். அடுத்த வாரமும் ஒக்காருவேன். சொல்லிட்டுத்தான் போவேன்."

எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சூசன் நிமிர்ந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் மாமியாரிடம் உப்பு, புளி தவிர வேறெதையும் கேட்டறியாதவள்.

"அத்தை, அப்ப எனக்கு எந்தக் கிழமை?"

"சூசன்!" என்றான் கஸ்தோன்.

"கேட்டாக் குடுக்க மாட்டாங்கடி," என்றாள் அந்துவானேத். "நீயே எடுத்துக்க."

சூசன் தட்டுகளைச் சாமியாருக்கும் புருஷனுக்கும் நடுவே அப்படியே வைத்துவிட்டுத் தலைவாரப் போனாள்.